இரணைமடுத் தண்ணியும் கிளிநொச்சி ஸ்டேசனும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில யாழ்தேவி பற்றி ஒருத்தர் கேட்டதுக்கு நாலு வரியில பதில் எழுதினன், 1956 ஏப்ரல் 23 இல ஓடத் தொடங்கின ரயில் எண்டு. அதுக்குப் பிறகு வந்த கடிதம், வட்சப் மெசேஜ் எல்லாத்திலயும் பாதிக்கு மேல கிளிநொச்சி பற்றித்தான் இருந்தது. கொழும்பில இருக்கிற எங்கட சனத்தில இவ்வளவு பேருக்கு அந்த ஊரில ஒரு துண்டுக் காணியோ ஒரு ஞாபகமோ இருக்கெண்டு எனக்கு இப்பதான் விளங்குது. அதால இந்த முறை வேற கேள்வி ஒண்டும் எடுக்கேல்ல, முழுக்கக் கிளிநொச்சி தான். என்ர அம்மம்மா ஆக்களும் கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சி தான், அதால எனக்கும் கொஞ்சம் கூடக் கதைக்கோணும் போல இருக்கு, பொறுத்துக்கொள்ளுங்கோ.

அக்கா, எங்கட அப்பு சாகுமட்டும் சொன்னவர், கோச்சி (ரயில்) போனதால தான் கிளிநொச்சி எண்டு ஒரு ஊர் வந்தது, இல்லாட்டி அது வெறும் காடு எண்டு. அது சரியா?
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

தங்கச்சி, அப்புவ மறுத்துக் கதைக்க மனமில்ல, ஆனா வருஷத்தைப் பாத்தா கணக்கு இடிக்குது. வடக்குப் பாதை முழுசா இணைஞ்சு தெற்கில இருந்து முதல் ரயில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது 1905 ஓகஸ்ட் 1. கிளிநொச்சியில ஆக்களைக் குடியேத்தத் தொடங்கினது 1936. இடையில 31 வருஷம். அவ்வளவு காலமும் கோச்சி அந்தக் காட்டுக்குள்ளால கூவிக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தது, ஊர் வரேல்ல.

இலங்கையில ரயில் வந்ததே கோப்பிக்காகத்தான், 1864 டிசம்பரில கொழும்பில இருந்து அம்பேபுஸ்ஸ மட்டும் முதல் ரயில், 1867 இல கண்டி, 1880 இல மாத்தளை. யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் கொழும்புக்கு வாறதெண்டா கப்பல், இல்லாட்டி வன்னிக் காட்டு ரோட்டால மாத்தளை மட்டும் மாட்டுவண்டில், பிறகுதான் ரயில். வடக்குப் பாதை வேலை வடக்கு முனையிலயும் தொடங்கினது, 1902 மார்ச்சில காங்கேசன்துறையில இருந்து சாவகச்சேரி மட்டும் ரயில் ஓடிச்சுது, ஆனா அது மற்றப் பாதையோட தொடுக்காம மூண்டு வருஷத்துக்கு மேல குடாநாட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தெற்கில இருந்து வந்த பாதை வன்னிக்குள்ளால போய் அதைத் தொட்டது. வன்னியில ஏத்துறதுக்குச் சாமான் இருந்ததால இல்ல, தண்டவாளம் யாழ்ப்பாணம் போறதுக்கு வேற தரைவழி இல்லாததால.

இதே காலத்திலதான் இன்னொரு வேலையும் நடந்தது, அதைப் பற்றி ஆக்கள் கதைக்கிறது குறைவு. இரணைமடு. கனகராயன் ஆற்றை மறிச்சு கட்டின குளம். இரணை எண்டா இரட்டை, ரெண்டு மடு பக்கத்துப் பக்கத்தில இருந்த இடம். ரயில் பாதை போட்ட அதே காலத்தில, 1902 இல வேலை தொடங்கி, கிட்டத்தட்ட இருவது வருஷம் இழுத்து முடிஞ்சது. பிறகும் ரெண்டு மூண்டு தரம் குளக்கட்டை உயர்த்தினவை. அந்தத் தண்ணி இடதுகரை வலதுகரை வாய்க்காலால இறங்கி ஓடினதுக்குப் பிறகுதான் அங்க காணி குடுக்கலாம், ஆள் இருக்கலாம் எண்ட நிலை வந்தது.

ரயில் மட்டும் ஊரை உண்டாக்குமெண்டா மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் அதே ரயில்தானே, அதே ரோட்டுத்தானே, அங்கயும் ஸ்டேசன் இருக்குத்தானே. அவை ரெண்டும் சந்தியளாத்தான் நிண்டது. வித்தியாசம் இரணைமடு ஒண்டுதான்.

ஆனா அப்பு சொன்னதில பிழை எண்டும் நான் சொல்லமாட்டன். அவர் கண்ணால கண்டது குடும்பங்கள் பானை சட்டியோட கோச்சியால இறங்கினதையும் நெல்லு மூடை கோச்சியில ஏறினதையும் தானே. குளம் பெத்த ஊரை ரயில் தூக்கி வளர்த்ததெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

யாழ்ப்பாணத்தில வீடு, கிணறு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கேக்க ஏன் சனம் பாம்பும் யானையும் இருக்கிற காட்டுக்குப் போனது? ஆரும் பலாத்காரமா அனுப்பினவையோ?
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்

ஒருத்தரும் பலாத்காரம் பண்ணேல்ல ஐயா, காணி இல்லாததுதான் தள்ளினது. யாழ்ப்பாணத்தில காணியைப் பரப்பில அளக்கிறம், 16 பரப்பு சேர்ந்தாத்தான் ஒரு ஏக்கர். பரப்பில அளக்கிறதே சொல்லுது காணி எவ்வளவு நெருக்கம் எண்டு. நாலு பொம்பிளப் பிள்ளைக்குச் சீதனம் எண்டு பிரிச்சா ஆளுக்கு மூண்டு பரப்பு, அடுத்த தலைமுறையில ஒரு பரப்பு, அதுக்குப் பிறகு வேலிச் சண்டை. குடாநாட்டில வருஷம் முழுக்க ஓடுற ஆறெண்டு ஒண்டு இல்ல, கிணத்துத் தண்ணியில புகையிலையும் வெங்காயமும் செய்யலாம், நெல்லு மழையைப் பாத்து ஒரு போகம் தான். 1930களில உலகம் முழுக்க பொருளாதார வீழ்ச்சி, மலாயாவுக்குப் போய் உத்தியோகம் பாத்துக் காசு அனுப்பின வழியும் சுருங்கிப்போச்சு. படிச்ச பெடியள் வேலை இல்லாம நிண்டவை.

அந்த நேரத்திலதான் அரசாங்கம் முடிக்குரிய காணியைக் குடியானவனுக்குக் குடுக்கிறதுக்கு வழி பாத்தது. 1927 இல காணி ஆணைக்குழு, 1935 இல காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அப்ப விவசாய காணி மந்திரியா இருந்தவர் டி.எஸ். சேனநாயக்க. அடுத்த வருஷமே கிளிநொச்சி. யாழ்ப்பாணத்துச் சன நெருக்கடியையும் வேலையில்லாப் பிரச்சினையையும் குறைக்கிறதுக்கெண்டே போட்ட திட்டம் அது. பரப்பில வளர்ந்த ஆளுக்கு ஏக்கர் கணக்கில வயலும் மேட்டுக்காணியும் எண்டா யோசிச்சுப் பாருங்கோ.

ஆனா போன எல்லாரும் நிக்கேல்ல, ஏனெண்டா காய்ச்சல். மலேரியா. விதைக்கப் போறது, வெட்டப் போறது, மற்ற நேரம் ஊருக்கு ஓடி வாறது, அப்பிடித்தான் கன குடும்பம் முதல் வருஷங்களைக் கழிச்சது. 1940களின் நடுவில டிடிடி மருந்து அடிக்கத் தொடங்கின பிறகுதான் பொம்பிளையளும் குழந்தையளும் நிரந்தரமா வந்தவை. 1963 இல முழு இலங்கையிலயும் 17 பேருக்குத்தான் மலேரியா எண்டு கணக்கு (பிறகு கவனிப்பு விட்டதால திரும்ப வந்தது, கடைசியா 2016 இல தான் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடெண்டு சேட்டிபிக்கட் குடுத்தது). குளம், காணிச் சட்டம், மருந்து, இந்த மூண்டில ஒண்டு இல்லாட்டியும் வன்னியில பெரிய குடியேற்றம் நிண்டிருக்காது எண்டுதான் நான் நினைக்கிறன்.

எங்கட அம்மம்மா ஐம்பதுகளில போனவ. இறங்கின அண்டைக்கு ராத்திரி யானை வந்து முருங்கையை முறிச்சுப் போட்டுப் போனதாம், விடிய எழும்பி அம்மப்பா அந்த முறிஞ்ச கொப்பையே திரும்ப ஊண்டினவராம். அந்த மரம் நான் சின்னப்பிள்ளையா போகேக்கயும் நிண்டது.

அங்க இடங்களுக்கு வைச்ச பேரே கதை சொல்லும். கரடிப்போக்குச் சந்தி எண்டா கரடி போன வழி. உருத்திரபுரத்தில எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் எண்டு வாய்க்கால் நம்பரே ஊர்ப் பேரா நிக்குது. ரோட்டுக்கரையில 155ஆம் (மைல்) கட்டை. கோயிலையோ சாதியையோ வைச்சு வந்த பேர் இல்ல இதுகள், தண்ணியையும் தூரத்தையும் வைச்சு வந்த பேர்.

இன்னொரு பகுதிச் சனத்தைச் சொல்லாம விட்டா இந்தப் பதில் நியாயமில்ல. மலையகத்தில இருந்து வந்த ஆக்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால நாடில்லாதவையா ஆக்கப்பட்டு, 1958, 1977, 1983 வன்செயல்களில அடிபட்டு வன்னிக்கு வந்தவை. கிளிநொச்சி வயலில நாத்து நட்டதும் களை பிடுங்கினதும் காடு வெட்டினதும் பெரும்பாலும் அவையின்ர கை. ஆனா அரசாங்கம் குடுத்த பேர்மிட் (அனுமதிப்பத்திர) காணியும் வாய்க்கால் தண்ணியும் முதல் வந்தவைக்குத்தான் கிடைச்சது, இவை கூலிக்குத்தான் நிண்டவை, கன பேருக்கு இருக்கிற வளவுக்கே காகிதம் இல்ல. கிளிநொச்சி வரலாறு கதைக்கிற யாழ்ப்பாணத்து ஆக்கள் நாங்கள் இதை லேசா கடந்து போறது எனக்குச் சரியாப் படேல்ல.

கிளிநொச்சி எண்ட பேர் எப்பிடி வந்தது?
தெமட்டகொடையிலிருந்து ஒரு மாணவன்

தம்பி, கிளியும் நொச்சி மரமும் சேர்ந்த பேர். நொச்சி இலையைத் தெரியும்தானே, தடிமனுக்கு ஆவி பிடிக்கிறது. அதுக்கு மேல சொல்லுற கதையள் எல்லாம் ஆளாளுக்கு மாறுது.

அந்தக் காலத்தில கிளிநொச்சி, பரந்தன் ஸ்டேசன்களில சாமான் ரயில் நிண்டு ஏத்தினதெண்டு அப்பா சொல்லுறவர். நெல்லுத் தவிர என்ன இருந்தது அங்க?
பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகி

நெல்லு மட்டும் எண்டு நினைக்கிறதுதான் பிழை. வடக்கில மூண்டு பெரிய அரசாங்கத் தொழிற்சாலை சொல்லுவினம், காங்கேசன்துறை சீமெந்து, ஆனையிறவு உப்பளம், பரந்தன் கெமிக்கல். இதில பரந்தனும் ஆனையிறவும் ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டது. ஆனையிறவில கடல்நீரேரித் தண்ணியைப் பாத்தியில விட்டு வெயிலில காயவைச்சு உப்பு, அந்த உப்பைக் கரைச்சு கரண்ட் விட்டா ஒரு பக்கம் கோஸ்டிக் சோடா, மற்றப் பக்கம் குளோரின். கோஸ்டிக் சோடா சவுக்காரத்துக்கு, குளோரின் குடிதண்ணி சுத்தம் பண்ண. 1950களில வந்த ஃபக்டரி. உப்பு அயல் ஊரில, தண்டவாளம் வாசலில, மூளையோட யோசிச்சுப் போட்ட இடம்.

அதால பரந்தன் எண்டா வெறும் வயல் ஊர் இல்ல அப்ப. மாசம் முடிய சம்பளம் வாங்கிற ஆக்கள், குவாட்டர்ஸ், கன்ரீன் எல்லாம் இருந்த இடம். வயலால வாற காசு வருஷத்தில ரெண்டு தரம், ஃபக்டரிக் காசு மாசாமாசம், அந்த ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு சின்ன ஊரில கடை நிக்கும். போருக்குள்ள ஃபக்டரி அழிஞ்சு போச்சு. அந்தக் கம்பனி பேர் இன்னும் இருக்கு, குளோரின் இறக்குமதி பண்ணி விக்குது. ஆனையிறவில 2025 மார்ச்சில உப்பு ஃபக்டரியைத் திரும்பத் திறந்தவை, அதைப் பாத்து நான் உண்மையாச் சந்தோஷப்பட்டன்.

பிறகு மிளகாய். 1970 இல இருந்து 1977 மட்டும் சிறிமா அம்மையாரின்ர அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய், வெங்காயத்தை மறிச்ச காலம். விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டம் எண்டு காணி குடுத்து, பள்ளிக்கூடம் படிச்சு முடிச்ச பெடியள் கொட்டில் போட்டு இருந்து மிளகாய் போட்டவை. செத்தல் மிளகாய் வித்த காசில கல்வீடு கட்டினவை, லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) வாங்கினவை, தங்கச்சிமாரைக் கட்டிக்குடுத்தவை. தெற்கில சனம் பாணுக்குக் கியூவில நிண்ட அதே காலம் அது, அதையும் மறக்கக்கூடாது, எங்கட விவசாயிக்கு நல்ல விலை எண்டது கொழும்பில ஒரு ஏழை வீட்டில காரம் இல்லாத கறியாத்தான் இருந்தது. 1977 இல திறந்த பொருளாதாரம், கப்பலில மிளகாய் வந்து புறக்கோட்டையில இறங்கினது, விலை விழுந்தது. ஒரு சின்ன ஊரின்ர தலைவிதி ஸ்டேசனில இல்ல, கொழும்புத் துறைமுகத்தில எழுதப்படுது எண்டு அண்டைக்கே தெரிஞ்சு போச்சு.

தண்டவாளம் எங்க போனது? சண்டைக்குப் பிறகு நான் போகேக்க மேடு மட்டும்தான் இருந்தது.
வத்தளையிலிருந்து ஒரு வாசகர்

பங்கருக்கு. 1990 யூனோட ரயில் நிண்டது, பிறகு ஆமி, புலி எண்டு ரெண்டு தரப்பும் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கிளப்பிப் பங்கர் போட்டவை, சனமும் செல்லுக்குப் பயந்து போட்டது. ஊரே 1996, 1998 எண்டு கை மாறினது, 2008 கடைசியில முழுச் சனமும் கிழக்கால இடம்பெயர்ந்து போக, 2009 சனவரி 2 இல ஆமி உள்ள வரேக்க ஆளில்லாத ஊர், தண்ணித் தாங்கி சரிஞ்சு கிடந்தது. அதுக்குப் பிறகு இந்தியக் கடனுதவியில இர்கான் கம்பனி பாதை போட்டது, 2011 இல ஓமந்தை, 2013 செப்டம்பர் 14 இல கிளிநொச்சி, 2014 மார்ச்சில பளை, 2014 ஒக்டோபர் 13 இல யாழ்ப்பாணம், 2015 சனவரியில காங்கேசன்துறை. 23 வருஷம் ஒரு ஊரில கோச்சிச் சத்தம் இல்ல. ஒரு தலைமுறைப் பிள்ளையள் ரயிலைப் புத்தகத்தில மட்டும் பாத்து வளர்ந்ததுகள்.

அக்கா, அப்பாவின்ர பேரில வட்டக்கச்சியில மூண்டு ஏக்கர் பேர்மிட் காணி. அப்பா இல்ல. நான் மூத்தவ, தம்பி கனடாவில. பொம்பிளைக்கு உரிமை இல்லை எண்டு ஒருத்தர் சொன்னவர். உண்மையா?
தெஹிவளையிலிருந்து ஒரு வாசகி

முந்தி அது உண்மையா இருந்தது, இப்ப இல்ல. இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுறன், எங்கட வீட்டிலயும் இதே கதை நடந்தது.

1935 சட்டத்தின் கீழ குடுத்த காணியை உறுதிக்காணி மாதிரி விக்கேலாது, நினைச்ச மாதிரித் துண்டு போடேலாது. குடியானவன் கடனுக்கு அடகு வைச்சு இழந்துபோடுவான் எண்ட பயத்தில வைச்ச கட்டுப்பாடு, நோக்கம் நல்லது. ஆனா பேர்மிட் எடுத்தவர் பின்னுரித்தாளரை (தனக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டதை) எழுதாமச் செத்தா, மனுசிக்குச் சீவிய காலம் மட்டும் இருக்கலாம், அதுக்குப் பிறகு ஆருக்கு எண்டு ஒரு அட்டவணை போட்டிருந்தவை, அதில மகன்மார் முதல், மகள்மார் பிறகு. சீதனமா பெண்ணுக்கே காணி போற யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இது எவ்வளவு தலைகீழ் எண்டு பாருங்கோ. யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில வளர்ந்த பொம்பிளை வாய்க்காலைத் தாண்டினவுடன வெறுங்கை.

எங்கட அம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வயலில களை பிடுங்கி, கிளி கலைச்சு, சூடு மிதிக்கேக்க ராத்திரி முழிச்சிருந்து வளர்ந்தவ. அம்மப்பா பின்னுரித்து எழுதேல்ல. அம்மம்மாவும் போன பிறகு அம்மா ஒரு கந்தோருக்குப் போய்க் கேக்க, மகன் இருக்கேக்க மகளுக்கு என்ன கதை எண்டு கவுண்டரில நிண்டவர் பைலை மூடினவர். மூத்த மாமா வெளிநாட்டில, அவருக்கு அந்தக் காணியின்ர எல்லையும் தெரியாது. ஆறு போகம் விதைப்பில்லாமல் கிடந்தது வயல். அம்மா அதைக் கதைக்கேக்க இண்டைக்கும் குரல் உடையும்.

2022 இல சட்டத்தைத் திருத்தி ஆண் பெண் வேறுபாட்டை எடுத்திட்டினம். அதால தங்கச்சி, பிந்தாமல் போங்கோ. பேர்மிட் ஒறிஜினல், அப்பாவின்ர மரணப் பத்திரம், உங்கட பிறப்புப் பத்திரம், அம்மா இருந்தா அவவின்ர விபரம் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின்ர காணிக் கிளைக்குப் போய், அப்பா ஆரையும் பின்னுரித்தா எழுதி வைச்சவரோ எண்டு முதல் பாருங்கோ, அதுதான் எல்லாத்துக்கும் முதல் கேள்வி. தம்பியோட மனஸ்தாபம் இல்லாட்டி அவரிட்ட ஒரு சம்மதக் கடிதமும் வாங்கி வையுங்கோ. அப்பா அம்மா உயிரோட இருக்கிற மற்ற வாசகர்மாருக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லுறன், பின்னுரித்தை இப்பவே எழுதுவியுங்கோ.

இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணத்துக்குக் குடுக்க மாட்டம் எண்டு கிளிநொச்சி ஆக்கள் மறிச்சவை. அது சுயநலம் இல்லையா? யாழ்ப்பாணத்தில இருந்து போனவைதானே அவையும்.
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

இந்தச் சுயநலம் எண்ட சொல்லு எனக்கு நோகுது ஐயா. இரணைமடு 36 அடி நிரம்பினாக் காலபோகத்தில (மாரிமழைப் போகம்) இருவதாயிரம் ஏக்கருக்கு மேல பாயும். ஆனா சிறுபோகத்துக்கு, மார்கழி மழை போன பிறகு, மிச்சம் நிக்கிற தண்ணியை அளந்து, இவ்வளவு ஏக்கர்தான் விதைக்கலாம் எண்டு கூட்டம் வைச்சு முடிவெடுப்பினம். கன வருஷம் எல்லாக் காணிக்கும் காணாது. ஒரு வருஷம் ஒருத்தருக்குப் பங்கு கிடைக்கும், இல்லாட்டி அவரிட்ட உள்ள காணியில ஒரு துண்டுக்கு மட்டும் கிடைக்கும், வாய்க்கால் கடைசியில இருக்கிறவனுக்குச் சில வருஷம் ஒண்டும் இல்ல. அந்தக் கூட்டத்தில ஒருக்கா இருந்து பாத்தா விளங்கும், ஒரு அங்குலத் தண்ணிக்கு எவ்வளவு கதை எண்டு. அந்த மனுசரிட்ட வந்து, குளத்தைத் திருத்தித் தாறம், அதில ஒரு பங்கு பைப்பால யாழ்ப்பாணம் போகும் எண்டு சொன்னாப் பயம் வராதோ.

மற்றப் பக்கம் யாழ்ப்பாணத்துத் தாகமும் பொய்யில்ல. சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழ நிக்கிற கிணத்துத் தண்ணிதான் முழுக் குடாநாட்டுக்கும், அதுக்குள்ள பசளையின்ர நைத்திரேற்று, மலசலகூடக் கசிவு, சுன்னாகத்தில கழிவு எண்ணெய். பச்சைக் குழந்தைக்குக் குடுக்க அந்தத் தண்ணியை நம்பேலாது. கடைசியில தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற திட்டம் போட்டு 2024 இல திறந்தவை. கடல்தண்ணியைச் சுத்தம் பண்ணக் கரண்ட் செலவு கூட, ஆனா ரெண்டு ஊர்ச் சனத்தை மோதவிடுறதை விட அந்தச் செலவு பரவாயில்ல எண்டது என்ர அபிப்பிராயம்.

தண்ணி கூடினாலும் அவைக்குத்தான் அடி. 2018 டிசம்பரில ஒரே ராத்திரி மழைக்குக் குளம் நிரம்பி வான்கதவு எல்லாம் திறக்க, கீழ இருந்த வீடு, ஆடு மாடு, நெல்லு எல்லாம் போனது.

கிளிநொச்சியில அவ்வளவு நெல்லு விளையுது, ரயிலும் ஓடுது, பிறகேன் இங்க அரிசி இந்த விலை? ரயிலில நேர கொண்டு வரேலாதோ?
கிராண்ட்பாஸிலிருந்து ஒரு வாசகர்

ரயில் ஓடுறது சனத்தை ஏத்த. சாமானுக்கு ரயில் எண்ட பழக்கமே நாட்டில சுருங்கிப்போச்சு, எண்ணெய், சீமெந்து மாதிரிச் சிலதைத் தவிர. நெல்லை ரயிலில போட எண்டா வயலில இருந்து ஸ்டேசனுக்கு ஒரு லொறி, ஏத்துகூலி, இங்க இறக்குகூலி, பிறகு பழைய சோனகத் தெரு மொத்தக் கடையளுக்கு இன்னொரு லொறி. ஏ-9 ரோட்டால ஒரே லொறியில வந்திட்டா ஏத்திறதும் ஒருக்கா இறக்கிறதும் ஒருக்கா. அதில 2023 இலயும் 2024 இலயும் பாதை திருத்துறதெண்டு மாசக்கணக்கில வடக்கு ரயில் கொழும்புக்கு நேர ஓடேல்ல, அப்பிடி இருக்க எந்த வியாபாரி ரயிலை நம்பி ஓடர் எடுப்பான்.

ஆனா விலைக்குக் காரணம் லொறியும் இல்ல. பெப்ரவரி மார்ச்சில வெட்டு மெசின் இறங்கினா ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள முழு மாவட்டமும் வெட்டி முடிஞ்சிரும். முந்திக் கையால அரிவு வெட்டி, சூடு வைச்சு, மிதிச்சு, காயவைச்சு, வீட்டில நெல்லுச் சேமிக்கிற கோர்க்காலி கட்டி வைச்சு நல்ல விலைக்கு விக்கலாம். இப்ப மெசினில இருந்து பச்சையாக் கொட்டுது நெல்லு, காயவைக்கத் தளம் இல்ல, ஆக்கள் ரோட்டுக்கரையில தாரில பரவிக் காயவைக்கினம், மழை ஒருக்கா தூறினாச் சரி. மெசின்காரனுக்குக் காசு, பசளைக் கடைக்குக் காசு, அடகுக் கடைக்கு வட்டி, எல்லாம் அந்தக் கிழமையே குடுக்கோணும். 2025 பெப்ரவரியில அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 எண்டு அறிவிச்சது, ஆனா நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் குடுக்க ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல இருக்கக்கூடாது. பச்சை நெல்லோட நிக்கிற மனுசன் என்ன செய்வான், வயல் வரம்பிலயே லொறியோட நிக்கிற வியாபாரிக்குத்தான் குடுப்பான், அவன் சொல்லுற விலைக்கு. அந்த நெல்லு தெற்கில பெரிய மில்லுகளுக்குப் போய், அவிச்சுக் குத்தி, பைக்கற்றில பேர் அடிச்சு வேற விலையில திரும்பக் கிளிநொச்சிக் கடைக்கே வருது. வித்தவனே அதை வாங்கிச் சமைக்கிறான்.

அதால என்னைக் கேட்டா கிளிநொச்சிக்கு இப்ப முதல் வேணும் எண்டது காயவைக்கிற தளமும், நெல்லைச் சேர்த்து வைக்கிற களஞ்சியமும், ஊரிலயே அவிச்சுக் குத்திற நல்ல மில்லும் தான். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் மாதிரிச் சிவப்பரிசியைக் கொழும்புச் சனம் இப்ப சீனி வருத்தத்துக்கெண்டு தேடித் தேடி வாங்குது, வெளிநாட்டிலயும் வாங்கினம். அதைப் பூநகரியிலயும் கிளிநொச்சியிலயும் குத்திப் பைக்கற் பண்ணினா அந்த வித்தியாசக் காசு அங்கேயே நிக்கும். வெள்ளவத்தையில யாழ்ப்பாணத்துச் சாமான் விக்கிற கடைக்காரர் கொஞ்சப் பேர் சேர்ந்தா இது செய்யக்கூடிய வேலை. 2012 குடிசன மதிப்பீட்டில முழு மாவட்டத்துக்கே 113,510 பேர்தான், அவ்வளவு சின்னச் சனத்தொகைக்கு நாலு நல்ல மில்லு வந்தாலே எத்தினை வீட்டில விளக்கெரியும். இப்ப அங்க இளம் பிள்ளையளுக்குச் சம்பள வேலை எண்டா கார்மென்ற்ஸ், இல்லாட்டிக் காலமை ரயிலில பாக்கோட கொழும்பு. எங்கட அம்மப்பா பாரத்தோட வந்து இறங்கின அதே மேடையில அவையின்ர பேரப்பிள்ளையள் ஏறுறதைப் பாக்க மனசு கேக்குதில்ல.

லீவுக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகப்போறம், முதல் தரம். என்ன காட்டலாம்?
மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகி

பெப்ரவரியில போங்கோ, நெல்லு பழுத்து நிக்கும், குளத்திலயும் தண்ணி இருக்கும். கோட்டையில ரயில் எடுத்தா வவுனியா தாண்டின பிறகு பிள்ளையளைப் போனை வைக்கச் சொல்லுங்கோ, காடு எப்ப முடிஞ்சு வயல் தொடங்குது எண்டு ஜன்னலால பாத்து அவையே கண்டுபிடிக்கட்டும், தண்ணி வந்த எல்லை அதுதான். இறங்கினவுடன இரணைமடுக் குளக்கட்டுக்குப் போங்கோ, பின்னேரம் நல்லது, காத்தும் இருக்கும். ரோட்டால திரும்பி வாறதெண்டா முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சு, வறுத்த கச்சான் சுடச்சுட வாங்குங்கோ. உங்கட பக்கத்து ஆக்கள் ஆரும் அங்க குடியேறினவையெண்டா, போக முதல் பெரியாக்களிட்ட வாய்க்கால் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கோ. முழு விலாசம் வேண்டாம், ஓட்டோக்காரருக்கு அது காணும்.